கொட்ட இடமில்லாத பால்

பால் தொட்டியின் அடிக்குழாயைத் திறந்துவிட்டு என் புருஷன் நார்மண்ட் கொஞ்ச நேரம் அப்படியே நிற்பான். ஓடுகிற பாலைப் பார்க்க மாட்டான். எதிர்ச் சுவரில் தீவனக் கடைக்காரர் கொடுத்த நாட்காட்டி தொங்குகிறது, அதுவும் போன வருடத்தது, அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான். பால் சிமெண்ட் வாய்க்கால் வழியாகக் கொட்டிலுக்குப் பின்னால் போய்ச் சாணிக் குட்டையில் விழும். மார்ச் மாதத்தில்கூட அமெரிக்காவின் வடகோடியில் எங்கள் மெய்ன் பக்கம் குளிர் விடுவதில்லை. குட்டையின் மேல் படிந்த பனிக்கட்டியில், கறந்த சூடு ஆறாத பால் விழுகிற இடம் மட்டும் குழிந்து ஆவி பறக்கும். பிப்ரவரியிலிருந்து காலையும் மாலையும் இதே கதைதான். பால் லாரி வருவது நின்றுவிட்டது. கறப்பதை நிறுத்த முடியாதே. மாடுகளிடம் போய் யார் விளக்கம் சொல்வது?

இதெல்லாம் எனக்குப் பழகிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் அந்தச் சனிக்கிழமை காலை என்னால் அங்கே நிற்க முடியவில்லை. மத்தியானம் ரெனே வருவதாக இருந்தாள். என் மகள். கடற்கரைப் பக்கம் புருஷனோடு இருக்கிறாள், இரண்டு மாதக் குழந்தைக்காரி. பேரனின் பெயர் தியோ. பிறந்ததிலிருந்து பதினெட்டு வயதில் வீட்டை விட்டுப் போகும்வரை அவள் குடித்ததெல்லாம் இந்தத் தொட்டிப் பால். எங்கள் பண்ணைப் பாலில் ஆலை விஷம் கலந்திருக்கிறது என்று செய்தி வந்ததும் அவளுடைய டாக்டர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். மற்றவர்களின் ரத்தத்தில் இருப்பதைப் போலப் பல மடங்கு விஷம் அவளிடம் இருந்தது. அது தாய்ப்பாலிலும் வருமாம். "தாய்ப்பாலே கொடுங்கள், அதில் இருக்கும் நல்லது பெரிது" என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். சொல்லிவிட்டு, "ஆனாலும் முடிவு உங்களுடையது" என்று ஒரு வாலையும் ஒட்டியிருக்கிறார். ரெனே எனக்குப் போன் செய்து கேட்டது ஒரே கேள்விதான். "குடுக்கட்டுமா, நிறுத்தட்டுமாம்மா?"

ஊரில் யார் வீட்டில் குழந்தை பிறந்தாலும் கூப்பிடாமலே போய் நின்று புத்தி சொல்கிறவள் நான். பல் முளைப்பதற்கு, வயிற்று வலிக்கு, தூங்காமல் அழுவதற்கு, எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் உண்டு. பாதிப்பேருக்கு என்னைக் கண்டால் எரிச்சல் என்பதும் தெரியும். அன்றைக்கு மகளிடம், "நேர்ல வா, பேசிக்கலாம்" என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தேன். பேசுவதற்கு என்ன வைத்திருந்தேன் என்று இப்போது யோசித்தால் ஒன்றுமே இல்லை.

யாரைத் திட்டுவது என்று தெரிந்தாலாவது தேவலை. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது எங்கள் ஆறு ஆறாகவே இல்லை. காகித ஆலையின் கழிவெல்லாம் அதில்தான். ஆள் உயரத்துக்கு மஞ்சள் நுரை மிதக்கும். கோடையில் கரையோர வீடுகளின் வெள்ளைப் பெயிண்ட் கறுத்துவிடும், கதவுகளின் பித்தளைப் பிடிகள் நிறம் மாறிவிடும். வெளியூரிலிருந்து வந்த டீச்சர்கள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பாடம் நடத்தினார்கள். எங்களுக்கு நாற்றமே தெரியாது. அப்பா அந்த ஆலையில் வேலை பார்த்தார். ஆலை ஓடினால் வீட்டில் அடுப்பு எரியும், அவ்வளவுதான் எங்களுக்குத் தெரிந்தது. பிறகு சட்டம் வந்தது, கூட்டங்கள் நடந்தன. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லோரும் அட்டைகளைப் பிடித்துக்கொண்டு பாலத்தின் மேல் ஊர்வலம் போனோம். என் அட்டையில் ஒரு மீன் அழுதுகொண்டிருந்தது. எனக்குப் பின்னால் அட்டையில்லாமல் சும்மா வந்து என் ஜடையை இழுத்துக்கொண்டே நடந்தவன்தான் நார்மண்ட்.

ஜெயித்தோம். சுத்திகரிப்பு நிலையம் கட்டினார்கள். சில வருடங்களில் நுரை போனது, மீன் வந்தது, மீனுக்குப் பின்னால் கழுகு வந்தது. நானே பார்த்தேன். ஆற்றில் விழாமல் பிடித்து வைத்த அழுக்கு எங்கே போகும் என்று ஊர்வலத்தில் போன யாரும் கேட்கவில்லை. அது சேறாக அடியில் தங்கியது. சேறு நல்ல உரம் என்றார்கள். பொய்யும் இல்லை. விவசாய ஆலோசகர் ஒருவர் வந்து பேசினார், தங்கமான மனிதர், எங்கள் பாலைத்தான் வாங்கிக் குடித்தார், எப்போதோ இறந்தும்போனார். லாரி லாரியாக இலவசமாகக் கொண்டுவந்து எங்கள் வயலில் பரப்பினார்கள். புல் இடுப்பளவுக்கு வளர்ந்தது. கழிவை வீணாக்காத நல்ல விவசாயி என்று நார்மண்டுக்கு விழா எடுத்து, மரத்தில் பெயர் பொறித்த பலகை ஒன்று கொடுத்தார்கள். நான் புதுக் கவுன் போட்டுக்கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்து கை வலிக்கத் தட்டினேன். எண்ணெய் ஊறாத காகிதம் செய்வதற்கு ஆலையில் ஏதோ ஒரு மருந்து பூசினார்களாம், அது சேற்றிலும் கலந்திருந்ததாம். அது மண்ணில் மக்காதாம், நெருப்பில் லேசில் எரியாதாம், என்றைக்கும் அழியாதாம். புல்லில் ஏறி, மாட்டில் ஏறி, பாலில் இறங்கி, என் பெண்ணுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. ஆற்றைக் கழுவி அந்தத் தண்ணீரை எங்கள் வயலில் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறோம், சந்தோஷமாக.

மாநில அலுவலகத்திலிருந்து ஒரு இளம்பெண் வந்துபோகிறாள். நல்ல பெண், சேற்றுக்கு அஞ்சாமல் பெரிய பூட்ஸ் போட்டுக்கொண்டு வயலெல்லாம் நடந்து மண் எடுக்கிறாள். எங்கள் வயல் புல்லை நிறுத்திவிட்டு வெளியூர் வைக்கோலைப் போடச் சொன்னது அவள்தான். சுத்தமான தீனி தின்று, தொடர்ந்து கறந்துகொண்டே இருந்தால் மாட்டின் உடம்பில் இருப்பது கொஞ்சம் கொஞ்சமாகப் பாலோடு வெளியே போய்விடுமாம். பால் தேறினால் லாரி திரும்ப வரும். நார்மண்டின் பிடிப்பெல்லாம் இப்போது அதில்தான். எங்கள் கிணற்றுக்குக் கரி வடிகட்டியும் மாட்டிக் கொடுத்தாள். போன வாரம் அதைப் பார்க்க வந்தவளுக்குக் காப்பி கொடுத்தேன். "பால் வேண்டாம், கறுப்பாவே குடிப்பேன்" என்று அவசரமாகச் சொல்லிவிட்டு முகம் சிவந்துபோனாள்.

"கடைப் பாலுதான் கண்ணு. நாங்களும் அதைத்தான் குடிக்கிறோம்" என்றேன். அப்புறம் கேட்டேன், "இந்தக் கரி நெறஞ்சு போச்சுன்னா?"

"மாத்திடுவோம்."

"பழசு?"

"குப்பைக் கிடங்குக்குப் போயிடும். அடியில கனமா ஷீட் போட்ட கிடங்கு, பயப்படாதீங்க."

"அங்க மழையே பெய்யாதா?"

"பெய்யும். அந்தத் தண்ணிய ஒரு சொட்டு விடாமப் பிடிச்சு சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்பிடுவாங்க."

"எந்த நிலையத்துக்கு?"

அவள் ஜன்னல் வழியாக ஆற்றுப் பக்கம் பார்த்தாள். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "நீங்க கேக்கறது எனக்குப் புரியுதுங்க. இப்பத்திக்கு இதுதான் இருக்கு" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அவளுக்கும் வந்தது. இரண்டு பேரும் பைத்தியம் மாதிரி சிரித்தோம். அவள் போன பிறகு எனக்கு ஏன் அழுகை வந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ரெனே வந்து சேர்ந்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. கண்ணுக்குக் கீழே கறுப்பு வளையம். நான் குழந்தையை வாங்கிக்கொண்டேன். கழுத்து மடிப்பில் பால் வாசனை. "முகம் அப்படியே அப்பாதான், நெத்தியப் பாரு, பிடிவாதக்கார நெத்தி" என்று என்னவோ உளறினேன். அவள் நான் கேட்பேன் என்று காத்திருந்தாள், நான் அவள் ஆரம்பிப்பாள் என்று காத்திருந்தேன். சாயங்காலம் ஊர் விவசாயிகள் மன்றக் கூடத்தில் பீன்ஸ் விருந்து. மாதத்தில் ஒரு சனிக்கிழமை ஊரே கூடிச் சாப்பிடுவது. புதுக் குழந்தை பிறந்தால் முதல் விருந்துக்குத் தூக்கிக்கொண்டு போயே ஆகவேண்டும். நீள மேஜையின் ஒரு முனையில் கொடுத்தால் குழந்தை கை மாறிக் கை மாறி மறுமுனை வரை போய்த் திரும்பி வரும். ரெனேயும் அப்படிப் போய் வந்தவள்தான்.

நான் வழக்கம்போல ஒரு கிண்ணம் அரிசிப் புட்டிங், பாலில் அரிசியைக் குழைய வேகவைத்துச் செய்யும் இனிப்பு, செய்து எடுத்துப் போனேன். ஒவ்வொரு பாத்திரத்தின் அடியிலும் ஒட்டுப்பட்டையில் கொண்டுவந்தவர் பெயரை எழுதி ஒட்டுவது எங்கள் வழக்கம், பாத்திரம் மாறிப்போகாமல் இருக்க. ஆனால் என் புட்டிங்குக்குப் பெயரே தேவையில்லை, அதன் மேல் தூவிய ஜாதிக்காயைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். எப்போதும் முதலில் காலியாவது அதுதான். அன்றைக்கு வரிசையில் வந்த எல்லோரும் பீன்ஸை அள்ளினார்கள், கறுப்பு ரொட்டியை எடுத்தார்கள், என் கிண்ணத்துக்கு முன்னால் வந்ததும் அடுத்தவரிடம் வானிலை பேசினார்கள். கடைப் பாலில் செய்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நார்மண்ட் பக்கத்தில் நின்றான். அவன் காதில் அது எப்படி விழும்? கடைசியில் அவனே ஒரு தட்டு நிறைய அள்ளிக்கொண்டு போய், எல்லோரும் பார்க்கும்படி உட்கார்ந்து மொத்தத்தையும் தின்றான். அவனுக்கு அரிசிப் புட்டிங் பிடிக்கவே பிடிக்காது.

குழந்தை வந்ததும் கூடம் கொஞ்சம் இளகியது. தியோ ஒவ்வொரு மடியாகப் போனான். கிழவர்கள் மூக்கைத் தட்டினார்கள். "இப்பவே டிராக்டர் ஓட்டுவான் போலிருக்கே, கையப் பாரு" என்றார் ஒருவர். வெர்னாவின் மடிக்கு வந்தபோது அவன் முகத்தைத் திருப்பி அவளுடைய ஸ்வெட்டரில் வாயை வைத்துத் தேடினான். வெர்னா என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவள், மனதில் இருப்பது அப்படியே வாய்க்கு வந்துவிடும்.

"அட பயலே, என்கிட்ட என்னடா இருக்கு, வத்திப்போயி வருஷக் கணக்காச்சு" என்று எல்லோரையும் சிரிக்கவைத்தாள். சிரிப்போடு சிரிப்பாக ரெனேயைப் பார்த்து, "தாய்ப்பாலு தானேடி குடுக்கற?" என்றாள்.

எந்தக் குழந்தையைப் பார்த்தாலும் எல்லோரும் கேட்கிற கேள்விதான். கேட்ட பிறகுதான் அவளுக்கே காதில் விழுந்தது. மேஜை முழுக்க முள்கரண்டிகள் நின்றன. ரெனே கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தாள். வெர்னாவின் முகம் சுண்டிப்போனது. "இல்ல, நான் சும்மா... எங்க வீட்டுக் கெணத்தையும் இன்னும் சோதிக்கல, பயமா இருக்குன்னு தள்ளிப்போட்டுட்டே இருக்கேன்" என்று சம்பந்தமில்லாமல் சொன்னாள். குழந்தை மேஜையின் மறுமுனை வரை போகவில்லை. பாதியிலேயே யாரோ பத்திரமாக எடுத்து வந்து ரெனேயின் கையில் கொடுத்துவிட்டார்கள். கெட்ட எண்ணத்தில் செய்ததில்லை. பசிக்கிறது போல என்று நினைத்துத்தான் கொடுத்திருப்பார்கள். எனக்கு அவர்கள் எல்லோர் மேலும் கோபம் வந்தது, வந்த வேகத்திலேயே அவர்கள் மேல் பாவமாகவும் இருந்தது.

மறுநாள் காலை வெயில் நன்றாக அடித்தது. நான் கொட்டிலில் வைக்கோல் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தேன். நார்மண்ட் ஜோசி என்கிற இளம் மாட்டுக்குக் கறவைக் குழாய்களை மாட்டிக்கொண்டிருந்தான். ரெனே குழந்தையைத் துணியால் மார்போடு கட்டிக்கொண்டு உள்ளே வந்தாள். சின்ன வயதில் நிற்கிற அதே தூணில் சாய்ந்துகொண்டாள்.

"மாடுங்க தேறுதாப்பா?" என்றாள்.

நார்மண்டிடம் யாரும் மாட்டைப் பற்றிக் கேட்டுப் பல நாள் ஆகிவிட்டது. கேட்கிறவர்கள் எல்லாம் ஆலை மேல் வழக்குப் போடுவதைப் பற்றியோ நிலத்தைப் பற்றியோதான் கேட்கிறார்கள். அவன் முகம் மலர்ந்தது. "தேறுது கண்ணு! இதப் பாரேன், இவதான் எல்லாரையும் தாண்டிட்டா. போன தடவை சோதனைக்கு எடுத்ததுல பாதிக்கு மேல இறங்கிடுச்சு."

"அது எப்படி இவளுக்கு மட்டும்?"

"இப்பத்தான் தலைச்சன் ஈன்னிருக்கா, அதான். கறவை வத்தின மாட்டுல அது அப்படியே தங்கிடுது. கன்னு போட்டு மடி எறங்கினதும் பாரு, ஒடம்புல உள்ளதெல்லாம் சரசரன்னு பாலுக்கு வந்துடுது. கறக்கக் கறக்க மாடு சுத்தமாயிட்டே வருது." கைக்குள் தங்கம் கிடைத்த மாதிரி சொன்னான். அவனுடைய அந்தக் குரலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று. நிறுத்தேன் என்று நான் மனதுக்குள் கத்தினேன்.

"அப்ப கன்னுக்குட்டிக்கு?" என்றாள் ரெனே.

"அதையா? கன்னுக்குட்டிக்கா?" நார்மண்ட் சிரித்தேவிட்டான். "சேச்சே, தெரிஞ்சே யாராவது அதப் போயி கன்னுக்குட்டிக்குக் குடுப்பாங்களா? பவுடர்தான் கரைச்சு ஊத்தறேன்."

அவன் நல்ல மாட்டுக்காரன். மாட்டைப் பற்றிக் கேட்டால் மாட்டுக்காரனாகத்தான் பதில் சொல்வான். எங்கள் பக்கத்து ஆண்கள் எல்லோரும் அப்படித்தான், பெண்டாட்டிக்குப் பிரசவ வலி என்றாலும் கிடாரியை நினைத்துத்தான் தைரியம் சொல்வார்கள்.  ரெனே குழந்தையின் தலையில் கையை வைத்துக்கொண்டாள், அவ்வளவுதான். அந்தக் கையைப் பார்த்த பிறகுதான் நார்மண்டுக்கு உறைத்தது. அவன் குனிந்த வாக்கிலேயே நின்றான். ஜோசியின் மடியிலிருந்து ஒரு குழாய் நழுவி வைக்கோலில் விழுந்து காற்றை உஸ்ஸென்று உறிஞ்சிக்கொண்டு கிடந்தது. அவன் அதை எடுக்கவில்லை.

"ரெனே, நான் அத..." என்றான்.

"தெரியும்பா" என்றாள் அவள். "நான் கேட்டதுக்குத்தான் சொன்னீங்க."

கறவை முடிந்ததும் அவன் காப்பிகூடக் குடிக்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போனான். திரும்பி வரும்போது கையில் குழந்தைப் பால் பவுடர் டப்பா ஒன்று இருந்தது. சாப்பாட்டு மேஜையின் நடுவில் அதை வைத்தான், யாரையும் பார்க்காமல் ஜன்னல் பக்கம் போய் எங்களுக்கு முதுகு காட்டி நின்றுகொண்டான். வேறு என்ன செய்வான். ரெனே டப்பாவைத் திருப்பித் திருப்பிப் படித்தாள். "தண்ணி எதுல கலக்கறது, இந்தக் கெணத்துலயா?" என்றாள். வடிகட்டி போட்டிருக்கிறதே என்று நான் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு அந்தக் கரியும் கிடங்கும் மழையும் வரிசையாக நினைவுக்கு வந்தன. கடையில் பாட்டில் தண்ணீர் வாங்கலாம் என்றேன். டாக்டர் தாய்ப்பால்தானே நல்லது என்றார் என்றேன். ஜோசிக்குப் பாதிக்கு மேல் குறைந்துவிட்டதென்றால் அந்தப் பாதி எங்கே போயிற்று என்று யோசித்தேன். ஒன்றுக்கொன்று சேராத நாலு விஷயங்கள், நாலும் உண்மை.

"அம்மா" என்றாள் ரெனே. "நீயா இருந்தா என்ன பண்ணுவ? சும்மா சமாதானத்துக்குச் சொல்லாத. நெசமா சொல்லு."

சொல்லத்தான் வந்தேன். கொடு என்று சொல்ல வாயெடுத்தால் தியோவின் நெற்றி கண்ணில் பட்டது. நிறுத்து என்று சொல்ல வாயெடுத்தால் இவளுடைய கண் கண்ணில் பட்டது. "எனக்குத் தெரியலடி" என்றேன். என் பெண்ணிடம் அந்த வார்த்தையை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் தலையை ஆட்டினாள். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதற்குள் குழந்தை அழ ஆரம்பித்தான். முதலில் சிணுங்கல், பிறகு வீடு அதிரும்படி. ரெனே டப்பாவின் மூடியில் விரலை வைத்தாள். அதே நேரம் அவளுடைய சட்டையின் முன்பக்கம் இரண்டு இடத்தில் நனைந்து வட்டமாகப் பரவியது. அவள் குனிந்து அதைப் பார்த்தாள். அவளை யாரும் கேட்கவில்லை, அதுவாக வந்துவிட்டது. மூடியிலிருந்து விரலை எடுத்தாள். நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, பொத்தான்களை அவிழ்த்து, என்னிடமிருந்து பிள்ளையை வாங்கிப் போட்டுக்கொண்டாள். அழுகை பட்டென்று நின்றது. அப்புறம் அடுக்களை முழுக்க அவன் மடக் மடக்கென்று விழுங்குகிற சத்தம் மட்டும்தான். ஒரு குழந்தை அப்படிக் குடிப்பதைக் கேட்டால் எனக்கு வயிறு குளிரும். அன்றைக்கும் குளிர்ந்தது. நிறுத்துடா, போதும்டா என்று கூடவே நெஞ்சு அடித்துக்கொண்டது. நார்மண்ட் ஜன்னலிலிருந்து திரும்பவில்லை, அவன் தோள் மட்டும் ஏறி இறங்கியது.

தியோ குடித்து முடித்துத் தானாகவே வாயை விட்டான். தூங்கியேவிட்டான். கடைவாயில் ஒரு சொட்டு நின்று, கன்னத்தில் வழியப் பார்த்தது. எட்டி என் சுட்டுவிரலால் அதைத் துடைத்தேன். விரல் நுனியில் வெள்ளையாக, இன்னும் சூடாக இருந்தது. கழுவலாம் என்று குழாயைப் பார்த்தேன், துணியில் துடைக்கலாம் என்று இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனைப் பார்த்தேன், நக்கிவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ரெனே என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அந்த ஒற்றை விரலை நீட்டிக்கொண்டு அடுக்களை நடுவில் நின்றேன்.